பூங்காவை மீட்க வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. தஞ்சாவூர் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறோம். தெருமுனைப் பூங்காவில் விளக்கு எரிந்து மூன்று மாதமாகிறது. மனு கொடுத்தும் யாரும் வரவில்லை. இருட்டினால் அங்கே குடிதான். காலையில் நடக்கப் போகும் பெரியவர்கள் காலில் பாட்டில் சில்லு குத்துகிறது. போன வாரம் டியூஷன் முடிந்து வந்த பெண் பிள்ளையிடம் செல்போனைப் பறித்துவிட்டார்கள். அவள் இன்னும் தனியாக வெளியே வர மறுக்கிறாள். அதுதான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

கேமரா போதும் என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு விளக்கும், புதர் வெட்டுவதும், ஆள் நடமாட்டமும்தான் முக்கியமாகப் படுகிறது. சாயங்காலம் இறகுப்பந்து, பெண்களுக்குக் கோலாட்டப் பயிற்சி என்று தினமும் ஏதாவது நடந்தால் இடம் நம் கைக்கு வந்துவிடாதா? குடிக்க வருவோரில் நம் தெருப் பையன்களும் உண்டு. அடித்து விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1993-ல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய, போலீசுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பான ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மாதிரி இளைஞர் குழு அமைக்கலாம் என்கிறார் ஒரு அண்ணன். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த பிறகு 2020-ல் அதை அரசு தடை செய்ததை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் கையில் லத்தி போகக் கூடாது.

உங்கள் ஊரில் எது பலித்தது? பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்று பெட்டிக்கடைக்காரரிடம் பகையில்லாமல் எப்படிப் பேசினீர்கள்? கஞ்சா விஷயமாக 10581 என்ற புகார் எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு மாலை தெருக்கூட்டம் இருக்கிறது.