ஞாயிறு ஆராதனையில் பாட வேண்டியது யார்?

பொருநைக்கரை:
போன ஞாயிறு ஆராதனை நடுவில் கரண்ட் போய்விட்டது. புரொஜெக்டர், கீபோர்டு, மைக் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. முன்னால் நின்ற ஆறு பேர் விடாமல் பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் அவர்களுக்கே வரி தெரியவில்லை. சபை முழுக்கச் சும்மா நின்றது. ஜெனரேட்டர் போடப் போன கோவில்பிள்ளை வாசலில் நின்றபடியே, நம் ராகத்தில் அமைந்த ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். பல்லவி முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். நாலு சரணமும் புத்தகம் இல்லாமலே வந்தது.

கொலோசெயர் 3:16 சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் 'ஒருவருக்கொருவர்' போதிக்கச் சொல்கிறது. ஆறு பேர் பாடி மற்றவர்கள் கேட்பது அதில் சேராது. கீர்த்தனையும், மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும் திரும்ப வர வேண்டும்.

கீபோர்டுக்காரன்:
அண்ணாச்சி, நானும் ஒரு சபையில் வாசிக்கிறவன்தான். நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது நான் வாய்க்குள் பாடுவது இரண்டு வரிப் புதுப்பாட்டுதான். அதைத்தான் ஜெபமாக வைத்திருக்கிறேன். கீர்த்தனையில் பாதிச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாததை எப்படி மனதாரப் பாடுவது?

அப்புறம், கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுதானே? 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்தில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி ஜெர்மன் மெட்டிலேயே பாடினார்கள். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் நம் ராகத்தில் எழுதியது அதற்குப் பிறகு. அன்றைக்குப் பழசே போதும் என்றிருந்தால் இன்று உங்களுக்குக் கீர்த்தனையே கிடையாது.

பொருநைக்கரை:
சரி தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாஸ்திரியார் பாட்டு ஏன் நின்றது? ஊருக்குத் தெரிந்த குறவஞ்சியிலேயே பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். ஜனத்தின் வாய்க்கு வரும் வடிவம் அது. 1853ல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் சுருதி வைப்பது முன்னால் பாடுகிறவருடைய குரலுக்கு. பாதியில் இன்னும் ஒரு படி ஏற்றுகிறீர்கள். என் மனைவி அங்கேயே பாட்டை விட்டுவிடுகிறாள்.

மூன்றாம் வரிசை:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன். எல்லோரும் கீர்த்தனை பாடிவிடுவார்கள் என்பதும் சரியில்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் ராகத்தை இழுத்து எடுத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போதும் வாயை மூடிக்கொள்வார்கள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாப்பிலஸ் அப்பாவு ஆராதனையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தது இதற்காகத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பாட வேண்டும் என்றால் மெட்டு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

எங்கள் அப்பா இறந்த அன்று ராத்திரி முழுக்கப் பாடினார்கள். சவப்பெட்டியின் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து, கைத்தாளம் மட்டும். கீர்த்தனை, பாமாலை, புதுப்பாட்டு எல்லாம் கலந்து வந்தது; எது எதிலிருந்து என்று ஒருவரும் பார்க்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா முதல் தடவையாக வாய் திறந்து ஒரு வரி சேர்ந்து பாடினார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கீபோர்டுக்காரன்:
அண்ணாச்சி, சுருதி விஷயத்தில் தப்பு எங்கள் பக்கம்தான். இந்தச் சனிக்கிழமை பயிற்சியில் கீபோர்டைத் தொடாமல் ஒரு பாட்டாவது பாடிப் பார்க்கிறோம். இரண்டு வரிப் பாட்டை மட்டும் விட மாட்டேன்.

பொருநைக்கரை:
விட வேண்டாம். அதோடு வாரம் ஒரு கீர்த்தனையை அர்த்தம் சொல்லி எடுங்கள். எனக்கு இன்னும் அதுதான் பெரிய குறை.

மூன்றாம் வரிசை:
சுருதியை இறக்கி எடு தம்பி. முதல் வரியை நீங்கள் பாடிக் கொடுத்துவிட்டு மைக்கை விட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள்.