கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மாடித்தோட்டம்: தக்காளிக்கு வழி உண்டா?

கேள்வி: மொட்டைமாடிக்காரர், தென்சென்னை

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் தளத்துக்கு மேலுள்ள மொட்டைமாடியில் ஏறத்தாழ முப்பது வளர்ப்புப் பைகளில் காய்கறி வளர்த்து வருகிறேன். தை முதல் பங்குனி வரை தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவை நால்வர் கொண்ட எங்கள் குடும்பத்துக்குப் போதுமான அளவு கிடைக்கின்றன. சித்திரை பிறந்ததும் தக்காளிச் செடி பூக்கிறதே தவிரக் காய்ப்பதில்லை. காம்பு மஞ்சளாகிப் பூ உதிர்ந்துவிடுகிறது. ஆடியில் புதிதாக நடும் செடிகள் காய்க்கத் தொடங்கும் வேளையில் ஐப்பசி மழை வந்து வேரை அழுகச் செய்கிறது. 2021 நவம்பர் மழையின்போதும் 2023 ஜூலையிலும் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வேளைகளில் மாடியில் ஒரு பழம்கூட இல்லை. நுண்ணூட்டம் தெளித்தால் பூ நிற்கும் என்று உரக்கடையில் கூறுகிறார்கள். நிழல்வலை போடலாமா? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்பாக இருப்பதும் காரணமாக இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பெரியகுளத்து விதை

ஐயா, கடையில் விலை ஏறுவதற்கும் உங்கள் செடி காய்க்காமல் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே, பாதகமான வானிலை. கோடையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால், தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடி தானாகவே உதிர்த்துவிடும். மே மாதச் சென்னையில் இரவு வெப்பம் 27, 28 டிகிரியிலேயே நிற்கிறது என்பதால், பகலில் நிழல் கொடுத்தாலும் இரவைக் குளிர்விக்க உங்களால் இயலாது. போரான் என்னும் நுண்ணூட்டச் சத்தின் குறைபாட்டால் பூ உதிர்வது உண்மைதான், ஆனால் வெப்பத்தால் உதிரும் பூவை எந்த நுண்ணூட்டமும் நிறுத்தாது. அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே வெயிலில் தக்காளியைக் காய்க்க வைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, வெயிலை விரும்பும் பயிர்களை அந்தப் பைகளில் ஏற்றுங்கள். கொத்தவரை, வெண்டை, காராமணி மூன்றும் சித்திரை வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. கீரைகளில் கொடிப்பசலையும் தண்டுக்கீரையும் தாங்கும். பருப்புக்கீரையோ நடாமலே பைகளின் ஓரத்தில் முளைத்திருக்கும், அதைக் களை என்று பிடுங்கி எறியாதீர்கள். கொத்தமல்லியை மட்டும் கோடையில் விதைக்க வேண்டாம், இலை விரிவதற்குள் பூத்துவிடும். தக்காளிக்குக் கார்த்திகையில் நாற்று விட்டு, மழை ஓய்ந்தபின் மார்கழியில் நட்டால், மாசியிலும் பங்குனியிலும் நிறைவாகக் காய்க்கும். செர்ரி தக்காளி வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பதால், ஒன்றிரண்டு செடிகள் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

மறுமொழி 2: உப்புத்தண்ணீர்

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நீரைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டதால் எழுதுகிறேன். கோடையில் பையின் மேல்மண்ணில் வெண்மையாகப் படிவதும் இலை நுனி கருகுவதும் உப்பின் அடையாளங்கள். நிலத்தில் ஊற்றும் உப்புநீர் ஓரளவு ஆழத்துக்கு இறங்கிவிடும். பையிலோ நீர் ஆவியாகி, உப்பு முழுவதும் வேரைச் சுற்றியே தங்கிவிடுகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இதை மேலும் மோசமாக்கும். வாரம் ஒருமுறையாவது அடித்துளை வழியாக நீர் வெளியேறும் அளவுக்கு நன்றாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். குழாய் நீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும் என்பதால், உங்கள் நீரே உப்பாக இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. இயந்திரத்தின் குழாயில் சொட்டும் நீரில் உப்பு இல்லை. புழுக்கம் மிகுந்த நம் ஊரில் ஓர் இரவில் ஒரு வாளியேனும் சேரும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோன 2019 கோடையில், இந்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் கொண்டே எங்கள் வீட்டுக் கீரைப் பைகள் பிழைத்தன.

தென்னைநார்க் கழிவு கலந்த மண் என்றால், கட்டியாக விற்கும் அந்தக் கழிவை ஊறவைத்து இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிய பிறகே கலந்திருக்க வேண்டும். அலசாத கட்டியிலும் உப்பு உண்டு. மண்ணின் மேல் காய்ந்த இலையோ கரும்புத் தோகையோ மூடாக்காக இடுங்கள். வெயிலில் ஐம்பது சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலை போதும். அதையும் கீரைக்கும் நாற்றுக்கும் மேலே மட்டும் கட்டுங்கள். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் முழு வெயில் வேண்டும், அவற்றை நிழலில் வைத்தால் தண்டு நீளுமே தவிரக் காய் குறையும்.

மறுமொழி 3: வற்றல் பானை

தம்பி, எல்லாரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள், அடுப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். தக்காளி இல்லாத நாளில் குழம்புக்கு வேண்டியது புளிப்பு, அது தக்காளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. புளிச்சக்கீரை பையில் நன்றாக வளரும், கோடையில் மாங்காய் மலிவு, புளி எப்போதும் வீட்டில் இருக்கிறது. பங்குனியில் மிகுதியாகப் பழுக்கும் தக்காளியை வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, மேலே மெல்லிய துணி மூடி, அதே மாடியில் உலர்த்திக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் மழைக்காலம் வரை குழம்புக்கு உதவும்.

உங்களை வாட்டும் அந்தக் கத்திரி வெயில் வற்றல் போடுகிறவர்களுக்கு வேண்டிய வெயில். மணத்தக்காளியும் சுண்டையும் ஒருமுறை வைத்தால் அதிகக் கவனிப்பு கேட்காதவை. அவற்றின் காய்களையும் முற்றாத கொத்தவரையையும் மோரில் ஊறவைத்து உலர்த்தினால், காய்கறிக்காரர் வராத அடைமழை நாட்களில் வத்தக்குழம்புக்குக் கவலையில்லை. மிளகாய் அதிகமாகக் காய்த்தால் மோர்மிளகாய். மாடியிலேயே காய்த்து, மாடியிலேயே உலர்ந்து, கீழே சமையலறைக்கு வருவதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 4: கடலூர்க் கரையோரம்

மழைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். புயலும் மழையும் எங்கள் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. மழையில் செடி சாவது பெரும்பாலும் நீர் மிகுதியால் அன்று, வேருக்குக் காற்று கிடைக்காததால். ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு பையையும் செங்கல் மீது ஏற்றி, அடித்துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பழைய பைகளில் வேரும் மண்ணும் துளையை அடைத்திருக்கும். மூடாக்கை அகற்றிவிடுங்கள், கோடையில் உயிர் காத்த அதே மூடாக்கு ஐப்பசியில் நத்தைக்கும் பூஞ்சைக்கும் இடமாகிவிடும். நாற்றுகளை மட்டும் கூரைக்கு அடியில் வையுங்கள். பந்தலும் நிழல்வலையும் புயல் எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்க்கப்பட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களே விழுந்தன, மாடியில் கட்டிய வலை எம்மாத்திரம்.

மழையோடு ஒத்துப்போகும் பயிர்களும் உள்ளன. சேம்பு ஈரத்தை விரும்பும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய நாட்டு அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பதால், மழைக்காலம் முழுவதும் கொடியாகப் படர்ந்து மார்கழி, தையில் காய்க்கும். சேனைக்கிழங்கைச் சித்திரை, வைகாசியில் ஒரு பெரிய பையில் புதைத்துவிட்டால், இரண்டு கடினமான பருவங்களையும் மண்ணுக்குள்ளேயே கடந்து, இலை பழுத்துச் சாயும் தை மாதத்தில் தோண்டுவதற்குத் தயாராக இருக்கும்.

மறுமொழி 5: மொட்டைமாடிக்காரர், தென்சென்னை

அனைவருக்கும் நன்றி. ஆர்.ஓ. கழிவுநீரைத்தான் இதுவரை ஊற்றிக்கொண்டிருந்தோம், இன்றே நிறுத்திவிடுகிறோம். ‘வற்றல் பானை’ அம்மா சொன்ன தக்காளி வற்றல் என் மனைவிக்கும் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம் எஞ்சியுள்ளது: சேனைக்கும் அவரைக்கும் பெரிய பைகள் வைத்தால், மழையில் நனைந்த மண்ணின் எடையை மாடி தாங்குமா?

மறுமொழி 6: கடலூர்க் கரையோரம்

நனைந்த கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே நிற்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்; ஐம்பது லிட்டர்ப் பை ஒன்று ஒரு சிமென்ட் மூட்டைக்குக் குறையாது. அத்தகைய பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் ஓரங்களில் இடைவெளி விட்டு வையுங்கள். செம்மண்ணைக் குறைத்து, அலசிய தென்னைநார்க் கழிவையும் மட்கிய உரத்தையும் கூட்டினால் எடை குறையும். கட்டடம் பழையது என்றாலோ, தளத்தில் ஏற்கெனவே ஈரக்கசிவு இருந்தாலோ, பெரிய பைகளை ஏற்றுமுன் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.