தாத்தா கருமாதிக்குச் சீனப் பாட்டு

குழு: சுங்கை சிப்புட் வீடு

அப்பா: ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். அய்யர் காலை 10 மணிக்கு வந்துவிடுவார். கூடாரம் இரண்டா மூன்றா, இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

ஈப்போ அத்தை: மூன்று

சிங்கப்பூர் அண்ணன்: 2 போதும் சித்தப்பா. எல்லாரும் வீட்டுக்குள்ளேதான் உட்காரப் போகிறார்கள்

ஈப்போ அத்தை: மழை வந்தால் உன் தலையிலா நிற்பது?

நான்: தாத்தா அலமாரியைத் துடைக்கும்போது இது கிடைத்தது (படம்)

நான்: கேசட். அட்டை வெளுத்துப்போய் பாடகி முகமே தெரியவில்லை. மேலே தாத்தா பேனாவால் எழுதியிருக்கிறார்: சீனப் பிள்ளை பாட்டு. யாரும் அழிக்காதே.

அம்மா: ஐயோ அந்தக் கேசட்டா

சிங்கப்பூர் அண்ணன்: அழிக்காதே என்று யாருக்கு எழுதினார்?

அப்பா: உன் அப்பாவுக்கு

கிள்ளான் பெரியப்பா: ஒரே ஒரு முறை. அதுவும் பின்பக்கம் மட்டும். வானொலி நாடகம் பிடித்து வைத்தேன். 40 வருடமாக இதே பேச்சு.

நான்: ஞாயிறு சாப்பாட்டுக்கு முன்னால் இதை ஒரு தரம் போடலாமா? தாத்தாவுக்கு ரொம்பப் பிடிக்கும்

ஈப்போ அத்தை: கருமாதியில் சீனப் பாட்டா? ஊர் சிரிக்கும். தேவாரம் போதும்.

கிள்ளான் பெரியப்பா: குட்டி, அதைப் பாடியவர் தெரேசா தேங். தைவான்காரர். 1953இல் பிறந்து, 1995 மே மாதம் தாய்லாந்து சியாங் மாயில் ஆஸ்துமாவால் இறந்தார், வயது 42தான். இந்தப் பாட்டை 1977இல் பாடினார், என் மனதை நிலா சொல்லும் என்பது போலத் தலைப்பு. எங்கள் அப்பா அப்போது தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கித்தாப் பால் (ரப்பர் பால்) லாரியில் கூட ஓடிக்கொண்டிருந்தார். லாரியில் இருந்தது இந்த ஒரு கேசட். தோட்டத்திலிருந்து ஈப்போ போகும்போதும் இதுதான், வரும்போதும் இதுதான். கேட்டுக் கேட்டு நாடா சிக்கிவிடும், அப்பா பென்சிலை விட்டுச் சுற்றுவார். பிறகு தவுக்கே லாரியை விற்றபோது சம்பளப் பாக்கியோடு சேர்த்து இந்தக் கேசட்டையும் கொடுத்தார்.

சிங்கப்பூர் அண்ணன்: பாக்கி முழுசாகக் கொடுத்தாரா?

அப்பா: இல்லை

ஈப்போ அத்தை: கதை எனக்கும் தெரியும் அண்ணா. அர்த்தம் தெரியாத பாட்டைச் செத்த வீட்டில் போடலாமா, அதுதான் என் கேள்வி

கிள்ளான் பெரியப்பா: அர்த்தமா? அய்யர் ஞாயிறு சொல்லப்போகும் மந்திரத்தில் எத்தனை சொல் உனக்குப் புரியும்? அப்பா பெயர் சொல்லுங்கள், கோத்திரம் சொல்லுங்கள், தட்சிணை வையுங்கள், இந்த மூன்றும்தான் நமக்குப் புரிகிற இடம். கார்த்திகை வந்தால் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடுகிறாயே ஹரிவராசனம், அது சமஸ்கிருதம். உன் மகள் பாட்டு வகுப்பில் பாடும் தியாகராஜர் கீர்த்தனை தெலுங்கு. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்துவிட்டுப் போவதா என்று கேட்டார்கள், ராஜா அண்ணாமலைச் செட்டியார் பின்னால் நின்றார். கேட்டது நியாயம், நான் தமிழ் வாத்தியார், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனாலும் தெலுங்கு தெரியாத ஜனம் அத்தனை காலமும் தொடையில் தாளம் போட்டுக் கேட்டது, அதையும் பொய் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, 1965இல் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடே கொதித்தது, நாலே வருடத்தில் ஆராதனா என்ற இந்திப் படம் வந்தது, கிஷோர் குமார் பாட்டை மதராஸ் பையன்கள் எல்லாரும்

கிள்ளான் பெரியப்பா: கை பட்டுப் பாதியில் போய்விட்டது. தொடர்கிறேன்

சிங்கப்பூர் அண்ணன்: வேண்டாம் அப்பா

அம்மா: நான் சோறு வடித்துவிட்டு வருகிறேன்

சிங்கப்பூர் அண்ணன்: அர்த்தம் தெரியாமல் ரசிப்பது பற்றி அப்பா பேசுவதுதான் சரி. 2017 ஜூன், என் கல்யாண விருந்து, டெஸ்பசித்தோ. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்தியையும் இழுத்துப் போட்டு ஆடினார். ஜூலையில் அரசாங்க வானொலி ஆர்டிஎம் அந்தப் பாட்டை நிறுத்தியது, வரிகள் ஆபாசம் என்று.

நான்: ஹஹஹா வீடியோ இருக்கிறது

கிள்ளான் பெரியப்பா: ஸ்பானிஷ் எனக்கெப்படித் தெரியும். தனியார் வானொலியில் ஓடிக்கொண்டுதானே இருந்தது. அரசாங்கத்துக்கே அர்த்தம் தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

அப்பா: கூடாரம்

அண்ணி: எங்கள் வீட்டிலும் இப்படித்தான் பெரியவர்களே. செம்மீன் படத்தில் மன்னா டே பாடினார், 1965. அவர் வங்காளி, இசை போட்ட சலில் சௌத்ரியும் வங்காளி. எங்கள் தாத்தா அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் மலையாள உச்சரிப்பு தப்பு தப்பு என்று திட்டுவார். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

ஈப்போ அத்தை: தோட்டத்துக் கணக்கர், கிராணியார் ஆயிற்றே. தொழிலாளர் லயத்தில் எல்லாரையும் திருத்தித்தான் பழக்கம்

சிங்கப்பூர் அண்ணன்: அத்தை

அண்ணி: பரவாயில்லை விடுங்கள்

ஈப்போ அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: எல்லாரும் பார்த்தாயிற்று ஈப்போ அண்ணி

அம்மா: வடைக்கு யார் சொல்வது? பருப்பு வடையா உளுந்து வடையா

அப்பா: உளுந்து

கிள்ளான் பெரியப்பா: பருப்பு. அப்பாவுக்குப் பருப்பு வடைதான் பிடிக்கும்.

நான்: தவுக்கே கடைக்கு முட்டை வாங்கப் போனேன். இப்போது கடையைப் பார்ப்பது அவர் மருமகள். அந்த ஆன்ட்டியிடம் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். உடனே கூடப் பாட ஆரம்பித்துவிட்டார், முட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு.

நான்: முதல் சொல் என்ன தெரியுமா? "நீ". அதற்கு அர்த்தமும் நீதான். நம் நீ! அடுத்த சொல் "வென்", கேட்கிறாய் என்று அர்த்தம். உன்மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று நீ கேட்கிறாய், அப்படித்தான் பாட்டு தொடங்குகிறது

அம்மா: அட

நான்: இன்னொன்றும் சொன்னார். அவர் மாமனார், அதாவது தாத்தாவின் தவுக்கே, காண்டனீஸ் பேசுகிறவர், பள்ளிக்கூடமே போகாதவர். இது மாண்டரின் பாட்டு. அவருக்கே பாதிதான் புரிந்திருக்குமாம்

அப்பா: தவுக்கேதான் அர்த்தம் சொன்னதாகத் தாத்தா சொல்வாரே

சிங்கப்பூர் அண்ணன்: இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கதை விட்டிருக்கிறார்கள்

கிள்ளான் பெரியப்பா: நீ என்பது தற்செயல் ஒற்றுமை. சீனமும் தமிழும் வேறு வேறு மொழிக் குடும்பம். தமிழிலிருந்துதான் சீனம் பிறந்தது என்று யாராவது ஃபார்வர்ட் போட்டால் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். அது மட்டுமல்ல, மாண்டரினில் ஒரே ஒலியை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். பாட்டில் மெட்டு அந்த ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும், சீனர்களே முன்பின் சொல்லை வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் அண்ணன்: சிங்கப்பூர்க் குழுவில் போட்டுவிட்டேனே

நான்: பாட்டியிடமும் போட்டுக் காட்டினேன்

அப்பா: ஏன் குட்டி, இப்போதுதான் கொஞ்சம் தூங்கினார்

நான்: இல்லை அப்பா கேளுங்கள். பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவருக்கு அந்த முதல் சொல்தான் தெரியும். மீதியை இவரே கட்டிப் பாடுவார். சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே நீ வெந்நீர் வைத்தாயா என்று அதே ராகத்தில் இழுப்பார். நான் வைக்கவில்லை என்றால் இன்னும் இழுப்பார்."

அம்மா: நீ வெந்நீர்!! ஆமாம், நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமா பாடுவார். தமிழ்ப் பாட்டு என்றே நினைத்தேன்

நான்: உண்மையான அர்த்தத்தைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை வருடமும் வெந்நீர்தான் கேட்டார்" என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். இப்போது ஆறாவது தரம் ஓடுகிறது, நான் போனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு அம்மா போனில் எழுதலாமா என்று பார்க்கிறேன்

அண்ணி: பாட்டியைப் பார்த்துக்கொள் குட்டி

கிள்ளான் பெரியப்பா: வெந்நீர் எனக்குத் தெரியாதே

அப்பா: நீங்கள் அப்போது ஹாஸ்டலில்

ஈப்போ அத்தை: எத்தனை நிமிடம் அந்தப் பாட்டு

நான்: மூன்றரை நிமிடம் இருக்கும் அத்தை

ஈப்போ அத்தை: அய்யர் போன பிறகு. தேவாரம் முடிந்து. சத்தமாக வேண்டாம்.

சிங்கப்பூர் அண்ணன்: சூப்பர். கேசட் ஓடுமா தெரியாது, என் ஸ்பீக்கரைக் கொண்டு வருகிறேன்

ஈப்போ அத்தை: உன் ஸ்பீக்கரா? என் மகன் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிப் போனது இன்னும் திரும்பி வரவில்லை. போடலாம் என்று நான் இன்னும் சொல்லவும் இல்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

சிங்கப்பூர் அண்ணன்: பார்க்கலாம் என்று எங்கே சொன்னீர்கள்

ஈப்போ அத்தை: இப்போது சொல்கிறேன்

கிள்ளான் பெரியப்பா: ஆராதனா பற்றிப் பாதியில் விட்டேன் அல்லவா

அப்பா: அண்ணா. கூடாரக்காரர் லைனில் இருக்கிறார். இரண்டா மூன்றா?

ஈப்போ அத்தை: மூன்று

சிங்கப்பூர் அண்ணன்: 2