விழா மலர் வரைவு: கோயில் சுவரைப் பற்றியும் எழுத வேண்டும்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணாச்சி அனுப்பிய விழா மலர் வரைவை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்து முடித்தேன். புனித தேவசகாயம் பற்றிய பக்கங்கள் மனசு நிறைய வந்திருக்கின்றன. ஆனால் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் ஏன் இரண்டு கூடமாக இருக்கிறது என்பதற்கு, "தனித்துவமான கட்டட அமைப்பு" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அது போதாது அண்ணாச்சி.

சின்ன வயதில் நான் பூசைக்கு உதவியவன். பீடத்துக்குப் பக்கத்தில் மணியை வைத்துக்கொண்டு நிற்கும்போது, இந்தப் பக்கம் ஒரு கூடம், அந்தப் பக்கம் ஒரு கூடம், இரண்டிலும் சனம். கால்சட்டையின் இரண்டு கால்போல விரிந்துபோகும். அம்மா ஒரு கூடத்தில் இருப்பாள், சித்தி இன்னொன்றில். பீடத்திலிருந்து எனக்கு இரண்டு பேரும் தெரிவார்கள். அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "கூட்டம் தாங்கணும்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். காரணம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அதுவும் வெளியூர்க்காரர் ஒருவர் சொல்லி.

அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் இருப்பதற்காகத்தான் அது அப்படிக் கட்டப்பட்டது. 1872இல் கோயில் எழும்பியபோது, நாடார்களோடு ஒரே கூடத்தில் பூசை காண வேளாளர்கள் ஒப்பவில்லை. குருக்களும் அதற்கு இணங்கிப் போனார்கள். பீடம் ஒன்று, கூடம் இரண்டு, நடுவில் தடுப்புச் சுவர். 1910இல் கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை இடித்தார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கினாரே, அவரேதான். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும், தனி இடம் எங்கள் உரிமை என்ற வாதம் எடுபடவில்லை.

இதை எழுதினால் பழைய புண்ணைக் கிளறுவதாகும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவர் கட்டியது நம் ஊர் என்றால், அது இடிந்ததும் நம் ஊரில்தான். இரண்டில் எதை மறைத்தாலும் வரலாறு பாதியாகிவிடும்.

தேவசகாயம் பக்கங்களோடு சேர்த்துப் பாருங்கள். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவ வேதத்தை அறிந்த நீலகண்டன் (அதுதான் தேவசகாயத்தின் பழைய பெயர்), திருவிதாங்கூரைத் தாண்டி வந்து ஞானஸ்நானம் வாங்கியது நம் ஊரில், 1745 மே 14 அன்று, பரஞ்சோதிநாதர் என்று நம்மவர்கள் அழைத்த புத்தாரி சாமியார் கையால். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். அவர் மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறை நம் ஊரில்தான் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவரின் ஊரில், நூறு வருசம் கழித்து இப்படி ஒரு கோயில்! 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கும் முன்பு, அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. ரோமாபுரியிலேயே சாதிப் பெயரை எடுத்த பிறகு, நம் மலரில் சுவரைச் சொல்லத் தயங்குவானேன்?

மஸ்கட்டிலும் சிகாகோவிலும் வளரும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, நான் கேட்டதையே கேட்பார்கள். "கூட்டம் தாங்க" என்று நாமும் சொல்ல வேண்டாம்.

அப்புறம், படம் ஒன்று வேண்டும். வரைவில் இருப்பவை எல்லாம் வெளியிலிருந்து எடுத்தவை. திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது, சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, பீடத்துப் பக்கம் நின்று இரண்டு கூடமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து அனுப்புங்கள். பக்கம் பற்றாவிட்டால் என் வாழ்த்துரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள், அண்ணாச்சி.