அப்பாவோட 72 ஹோல்டன் மொனாரோ, கம்பெனியில இருந்து வந்த மாதிரி திரும்பக் கொண்டு வரணும், எங்க ஆரம்பிக்கிறது?

யீஷூன்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமாயிடும்.

எங்க அப்பாகிட்ட 1972 ஹோல்டன் மொனாரோ ஜிடிஎஸ் ஒண்ணு இருக்கு, ஆஸ்திரேலியா கார். எச்க்யூ மாடல், ரெண்டு கதவு, 253 வி8. 1979ல செகண்ட் ஹேண்டா வாங்கினது, நான் அப்ப பொறக்கவே இல்ல. நம்ம சிங்கப்பூர்ல சிஓஇ (கார் வச்சிருக்க வாங்க வேண்டிய பெர்மிட்) வந்த பிறகு ஸ்கிராப் பண்ணிடுங்கன்னு சொல்லாத ஆள் கிடையாது, அம்மாவும் சொன்னாங்க, அப்பா கேக்கல. ரெண்டு தடவை ரின்யூ பண்ணி ஓட்டுனார், அப்புறம் 35 வருஷம் தாண்டினதும் கிளாசிக் ஸ்கீமுக்கு மாத்திட்டார், இப்ப வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டுல. அதுல தீபாவளி காலைல கோயிலுக்குப் போறது கண்டிப்பா ஒரு நாள்.

90கள்ல அவரே ஆசைப்பட்டு கறுப்பு மெட்டாலிக் அடிச்சார், 17 இன்ச் ரிம், நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர், குரோம் ராக்கர் கவர், எல்லாம் அப்ப போட்டது. இப்ப அவருக்கு 74 ஆகுது. போன மாசம் திடீர்னு, "வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஒரு தடவை பாத்துடணும்டா"ன்னார். எனக்குத் தூக்கமே போச்சு.

கேள்வி இதுதான். அப்பா பச்சைங்கறார், சித்தப்பா மஞ்சள்னு அடிச்சுச் சொல்றார், போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. நெட்ல பாத்தா பானெட்ல பெரிய கறுப்புப் பட்டை போட்ட வண்டிங்க வருது, அதுவும் போடணுமா? ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், அடுத்த வாரமே கொண்டு வா, மொத்த பெயிண்டையும் மணல் அடிச்சு பிளாஸ்ட் பண்ணி எடுத்துடலாம், இஞ்சினையும் மாத்தி பெரிய 308 வி8 போட்டுடலாம்னு சொல்றாங்க. சரியா?

பழைய_இரும்பு:
தம்பி, முதல்ல அந்த அடுத்த வாரத்தை கேன்சல் பண்ணுங்க. பிளாஸ்ட் பண்ணிட்டா உங்க வண்டி என்ன கலர்ல பொறந்துச்சுன்னு சொல்ற சாட்சி அத்தனையும் மணலோட போயிடும். ஒரு தடவை பறந்த பெயிண்ட் திரும்ப வராது.

பானெட்டைத் திறந்து ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் கார் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) பாருங்க, சின்ன தகடு ஒண்ணு இருக்கும், பாடி பிளேட். பெயிண்ட் கோட் நம்பரும் உள்சீட்டோட டிரிம் கோட் நம்பரும் அதுல அடிச்சிருக்கும். ஆனா 50 வருஷத்துல தகடு மாறியிருக்கலாம், அதனால அதை மட்டும் நம்பாதீங்க. பின்சீட்டைக் கழட்டி அடியில பாருங்க, கதவு டிரிம்முக்கு உள்பக்கம், டேஷ்போர்டு பின்னாடி, பூட் ரப்பரைத் தூக்கிப் பாருங்க. ரீஸ்ப்ரே பண்றவங்க கை அங்கெல்லாம் போகாது. தகடு சொல்றதும் சீட்டடியில இருக்கிறதும் ஒண்ணா இருந்தா முடிஞ்சது, சித்தப்பாகிட்ட சண்டை போட வேண்டியதில்ல.

பட்டை விஷயம். எச்க்யூ 1971ல வந்துச்சு, பானெட்லயும் பூட்லயும் அந்தப் பெரிய பட்டை வந்தது 1973ல. உங்களது 72. அதுல பட்டை போட்டா பாக்க கெத்தா இருக்கும், ஆனா அது வேற வண்டி. கம்பெனி லுக்னா உங்க வண்டி கம்பெனியை விட்டு வெளிய வந்த லுக், நெட்ல அதிகமா லைக் வாங்குற வண்டியோட லுக் இல்ல.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுங்க. பழைய ஸ்க்ரூ, கிளிப் எதையும் தூக்கிப் போடாதீங்க, ஜிப் பேக்ல போட்டு எழுதி வைங்க. புதுசு வாங்கினாலும் ஒரிஜினல் எப்படி இருந்துச்சுன்னு ஒப்பிட அதுதான் வேணும். ரப்பர், மோல்டிங், பேட்ஜ் எல்லாம் ஆஸ்திரேலியாவுல ரேர் ஸ்பேர்ஸ் மாதிரி கம்பெனிங்க புதுசா செஞ்சு விக்கிறாங்க, அதனால அதுக்குப் பயப்படாதீங்க.

ஸ்பேனர்_சாமி:
மேல அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேண்டாம். நான் பெயிண்ட் பக்கம் மட்டும் சொல்றேன், 22 வருஷமா அதே வேலைதான்.

அந்தக் காலத்து ஹோல்டனுக்கு அடிச்சது அக்ரிலிக் லாக்கர். தின்னர் ஆவியாகிக் காயுற பெயிண்ட் அது, காஞ்ச பிறகும் தின்னர் பட்டா திரும்பக் கரையும். இப்ப எல்லாரும் அடிக்கிற 2கே அப்படி இல்ல, ஹார்டனர் சேந்து இறுகிப் போறது. சீட்டடியில பழைய பெயிண்ட் கிடைச்சா துணியில கொஞ்சம் தின்னர் தொட்டு ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க, கலர் துணியில வந்தா லாக்கர், அனேகமா அது கம்பெனி பெயிண்ட்தான். ஓரத்துல மட்டும், நடுவுல வேண்டாம், அதை வச்சுத்தான் கலர் மேட்ச் பண்ணணும்.

லாக்கரே அடிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஊரு வெயில்ல சீக்கிரம் மங்கி வெளுத்துப் போகும், வருஷா வருஷம் பாலிஷ் போட்டுப் போட்டு பெயிண்ட் தேஞ்சு போகும். மெட்டாலிக் இல்லாத கலரா இருந்தா 2கேயே அடிங்க, ஆனா சிங்கிள் ஸ்டேஜ், அதாவது கலர் மட்டும், மேல கிளியர் கோட் (கலர் இல்லாத மினுக்குப் பூச்சு) வேண்டாம். கிளியர் கோட் போட்டு கண்ணாடி மாதிரி மினுக்குற 72 வண்டியைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், அப்படி ஒரு வண்டி எந்தக் கம்பெனியில இருந்தும் அப்ப வரல.

துரு எங்கன்னு கேளுங்க, சொல்றேன். எச்க்யூன்னா பின் கண்ணாடி கீழ் ஓரம். மோல்டிங்குக்கு அடியில தண்ணி தேங்கி, மெல்ல அரிச்சு, அப்படியே பூட்டுக்குள்ள சொட்டும். பூட் கார்பெட்டைத் தூக்குங்க, தரையில ஓட்டை இருந்தா காரணம் மேல கண்ணாடியில இருக்கு, தரையை மட்டும் வெல்ட் பண்ணினா ரெண்டு மழைக்காலத்துல திரும்ப வரும். கண்ணாடியை எடுத்துட்டுத்தான் வேலை பாக்கணும். பார்டர் தாண்டி ஜேபியில (ஜோகூர் பாரு) கூலி கம்மிதான், நானே நல்ல ஆளுங்களைப் பாத்திருக்கேன், ஆனா வாரம் ஒரு தடவையாவது நேர்ல போய் நின்னு பாக்க முடியும்னா மட்டும் அனுப்புங்க. பட்டி எவ்வளவு கனமா அப்புறாங்கன்னு வாட்ஸ்அப் போட்டோவுல தெரியாது.

கலர் மாறினா எல்டிஏ (போக்குவரத்து ஆணையம்) ரெக்கார்டுலயும் மாத்தணும், மறந்துடாதீங்க.

வி8_மாமா:
308 வேண்டவே வேண்டாம். 253ன்னா 4.2 லிட்டர், உங்க அப்பா 45 வருஷமா கேட்ட சத்தம் அதோடது. இஞ்சின் மாத்த எல்டிஏ அனுமதி வேற வாங்கணும். குரோமைக் கழட்டுங்க, இஞ்சினுக்கு சிவப்பு அடிங்க, ஹோல்டன் வி8 அப்ப சிவப்புதான், ராக்கர் கவரோட சேத்து. பழைய ரெண்டு பேரல் கார்புரேட்டர் ஸ்டோர்ல கிடக்கான்னு அப்பாவைக் கேளுங்க, அந்தக் காலத்து ஆளுங்க எதையும் வீசியிருக்க மாட்டாங்க. ஹெட்டைக் கழட்டினா வால்வ் சீட் ஹார்டன் பண்ணியிருக்கான்னு பாக்கணும், நம்ம ஊர்ல 1998லயே லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் நின்னு போச்சு, அதுக்கப்புறம் ஹெட்டைத் தொடலன்னா தேஞ்சிருக்கும். வெளிய தெரியாத வேலை, தாராளமா பண்ணுங்க.

பூன்லே_அக்கா:
எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. எங்க அப்பாவோட பழைய காரை அண்ணன் ரெஸ்டோர் பண்ணினான், அருமையா வந்துச்சு. டேஷ்போர்டுல அப்பா முருகன் சிலை வைக்க போட்ட ரெண்டு ஸ்க்ரூ ஓட்டையையும் அடைச்சு வழவழன்னு ஆக்கிட்டாங்க. அப்பா உக்காந்தார், ஸ்டியரிங்கைப் பிடிச்சார், கை தானா அந்த இடத்துக்குப் போச்சு, தொட்டுக் கும்பிட. அங்க ஒண்ணும் இல்ல. அவர் எதுவும் சொல்லல, ஆனா நான் பாத்துட்டேன். உங்க அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, எதைத் தொடக் கூடாதுன்னு முதல்ல கேளுங்க.

யீஷூன்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ஞாயித்துக்கிழமை கார்பார்க்ல வச்சே பின்சீட்டைக் கழட்டினோம். பச்சை. நல்ல துளிர்ப் பச்சை, 90ல இருந்து வெளிச்சமே படாம அப்படியே இருக்கு. தகட்டுல இருந்த பெயிண்ட் கோட் நம்பரைத் தேடினா 'லெட்டஸ் அலோன்'னு வருது, ஹோல்டன்காரங்க வச்ச பேராம். தின்னர் தொட்டேன், துணி பச்சையாயிடுச்சு. சித்தப்பாவுக்கு போட்டோ அனுப்பிட்டேன், பதில் வரல.

ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். 308 இல்ல, பட்டையும் இல்ல. பூட் தரையில ரெண்டு ஓட்டை இருக்கு, கண்ணாடியை எடுக்கத்தான் போறோம். கார்புரேட்டர் மாமா சொன்ன மாதிரியே, ஸ்டோர் ரூம்ல மைலோ டின்னுக்குள்ள, 1994 தமிழ் முரசுல சுத்தி.

அக்கா, அப்பாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். டிரைவர் பக்கக் கதவு உள்ள கைப்பிடிக்கு மேல ஒரு கீறல் இருக்கு, நான் மூணு வயசுல சாவியால கிழிச்சதாம், எனக்கு ஞாபகமே இல்ல. அதை விட்டுடுன்னார். அந்தக் கதவு டிரிம்மை மட்டும் புதுசு வாங்காம துடைச்சு அப்படியே போடப் போறோம். அடுத்து ஜேபிக்கு யாரை நம்பி அனுப்பலாம்னு ஸ்பேனர்_சாமி அண்ணே, உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க.