‘சுழிய நாள் ஓட்டை’ யாருக்குப் புரியும்?

> சுழிய நாள் ஓட்டை என்றே வைத்துவிடலாம். உலகமே அப்படித்தான் சொல்கிறது.

ஐயா, வணக்கம். உலாவியின் (பிரவுசர்) பாதுகாப்பு ஓட்டைகளில் ஆங்கிலத்தார் ‘ஜீரோ டே’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன வைப்பது என்பதுதானே பேச்சு?

அந்தச் சுழியம் யாருடைய கணக்கு? உலாவியை எழுதியவர்களுடையது. ஓட்டை தெரிந்து அதை அடைக்க அவர்களுக்குக் கிடைத்த நாள் சுழியம், அதற்குள் திருடன் நுழைந்துவிட்டான். சென்னை தம்புச் செட்டி தெருவில் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் பிழைப்பு. அங்கே போய் ‘சுழிய நாள்’ என்றால், “அப்போ இன்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்றீங்க” என்பார்கள்.

‘அடைப்பிலா ஓட்டை’ என்று வைக்கலாமா? அடைக்கும் திருத்தத்துக்கு, அதாவது ‘பேட்ச்’சுக்கு, ‘ஒட்டு’ என்றும் யோசித்தேன். ஆனால் “ஒட்டு போட்டீங்களா?” என்றால் ராயபுரத்தில் விரலைத்தான் நீட்டுவார்கள்.

2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களில் வந்த சிக்கலைப் பாருங்கள். படத்தை விரிக்கும் நிரல், ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதிவிடும் பிழை. கோணலாகச் செய்த படம் உள்ள பக்கம் திறந்தாலே போதும், எதையும் சொடுக்க வேண்டியதில்லை. 11ஆம் தேதி குரோம் திருத்தம் விட்டது. அதே நிரலை வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் மறுநாள் விட்டது. அதுவரை அது அடைப்பிலா ஓட்டை, நம் கையில் பெரிதாக ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவின் கதை. திருத்தம் தானாக இறங்கிவிடும், ஆனால் உலாவியை மூடித் திறந்தால்தான் அமலுக்கு வரும். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) பாதியில் நிற்கிறது என்று யாரும் மூடமாட்டார்கள். குரோமின் வலது மூலைக் குறி பச்சை என்றால் திருத்தம் வந்து இரண்டு நாள் ஆகவில்லை, சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. நான் போகிற இடமெல்லாம் சிவப்புதான். வெளியான திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தே ஓட்டையின் இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கும் ‘என்-டே’ (n-day) என்று நாள் கணக்குதான். ‘அடைக்காத ஓட்டை’ என்றால் வேலை யாருடையது என்பதாவது விளங்கும்.

---

அண்ணா, அடைப்பிலா, அடைக்காத — போனில் ரெண்டும் ஒரே மாதிரி கேட்கும். ‘திருத்தம் வராத ஓட்டை’, ‘திருத்தம் போடாத ஓட்டை’ என்று வையுங்களேன். நீளம்தான், ஆனால் விளக்கமே வேண்டாம்.

மூன்றாவது வகை ஓட்டையை விட்டுவிட்டீர்கள். 2023 பிப்ரவரியில் குரோம் 110 வந்தபோது விண்டோஸ் 7 கழற்றிவிடப்பட்டது. ஃபயர்பாக்ஸ் 115இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. திருவொற்றியூரில் நான் போகும் லாரி ஆபீசில் இன்னும் அந்த 7தான், அதிலேயே பேங்க் வேலையும். அங்கே ‘அடைக்காத’ என்று திட்டி என்ன பயன்? அடைக்க எதுவும் வரப்போவதில்லை. ‘கைவிட்ட ஓட்டை’ என்பேன். அந்த மெஷினை நெட்டிலிருந்து பிடுங்குவதுதான் வழி.

---

தங்கச்சி சொன்னதை ஏற்கிறேன். முதலிரண்டில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

---

அன்பர்களே,

‘கைவிட்ட’ என்பது ‘கைவிடப்பட்ட’ என்றல்லவா இருக்கவேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வேண்டாம். ‘நான் படித்த புத்தகம்’ போலத்தான் இதுவும்: நிறுவனம் கைவிட்ட ஓட்டை. எழுவாய் தொக்கி நிற்கிறது, அவ்வளவுதான். இதை இன்றே பட்டியலில் ஏற்றுகிறேன்.

மற்ற இரண்டும் தலைச்சொல்லுக்கு நீளம். ‘வராத்திருத்த ஓட்டை’ என்று சுருக்கினால் இலக்கணம் நிற்கும், நாக்குதான் தடுக்குகிறது. வெள்ளிவரை பார்ப்போம். சுழியத்தை நான் விட்டுவிட்டேன்.