மறு: நிலாவிலிருந்து சிறுகோளுக்கு – ‘பணி நீட்டிப்பு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சீனாவின் நிலாக் கலமான சாங்-இ 2, நிலாவில் வேலை முடிந்ததும் ஒரு சிறுகோளை நோக்கிப் போனதை எங்கள் பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு வரைகிறார்கள். ஒரு வேலையை முடித்த கலம் இப்படி வேறொன்றைத் தேடிப் போவதைச் சொல்லும் தலைப்பு ஒன்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் யோசித்து எழுதியது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. தேவகோட்டை அண்ணன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

> ‘பணி நீட்டிப்பு’ என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். புதிதாக ஒன்று எதற்கு?

அண்ணே, அந்தச் சொல் இருக்கட்டும். மங்கள்யானுக்கு அதுதான் சரி. ஆறு மாத வேலைக்கென்று அனுப்பிய கலம், 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி 2022 வரை தாக்குப்பிடித்தது. அதே இடம், அதே வேலை, காலம் மட்டும் கூடியது. ஓய்வுபெறும் அதிகாரிக்கு அரசாங்கம் கொடுப்பதும் இதே நீட்டிப்புதான்.

சாங்-இ 2-இன் கதை வேறு. சாங்-இ 1-க்கு மாற்றாகச் செய்து வைத்திருந்த கலம் அது. 2010 அக்டோபர் 1 அன்று ராக்கெட் அதை நேரே நிலாவுக்குப் போகும் பாதையிலேயே ஏற்றிவிட்டது. நிலாவை 100 கி.மீ. உயரத்தில் சுற்றியது. அப்புறம் 15 கி.மீ. வரை தாழ வந்து, சாங்-இ 3 இறங்குவதற்குப் பார்த்து வைத்திருந்த வானவில் விரிகுடா என்ற நிலாச் சமவெளியைப் படம் எடுத்தது. ஆறு மாதத்தில் ஒப்புக்கொண்ட வேலை முடிந்தது, எரிபொருள் மிச்சம் இருந்தது. 2011 ஜூனில் நிலாவை விட்டுக் கிளம்பி, ஆகஸ்டில் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டாம் லக்ராஞ்சு புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, கலத்தைப் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்ற வைக்கும் இடம் அது. அங்கிருந்து 2012 ஏப்ரலில் மறுபடி கிளம்பி, டிசம்பர் 13 அன்று பூமிக்குப் பக்கத்தில் வந்துபோகும் டூட்டாட்டிஸ் என்ற புவியண்மைச் சிறுகோளைக் கடந்தது. அப்போது பூமியிலிருந்து ஏறத்தாழ 70 லட்சம் கி.மீ. தூரம்.

அந்தக் கடப்பைக் கொஞ்சம் பாருங்கள். சீனா அறிவித்த இடைவெளி 3.2 கி.மீ. வேகமோ நொடிக்கு 10.73 கி.மீ. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு இரண்டு நொடியில் போகிற வேகம். சிறுகோளைப் படம் பிடித்தது நிலாவை ஆராயக் கொண்டுபோன பெரிய கேமராவும் இல்லை. சூரியத் தகடுகள் ஒழுங்காக விரிந்தனவா என்று பார்க்க வைத்த சின்னக் கேமரா. கலம் சிறுகோளைத் தாண்டி விலகிப் போகும்போதுதான் படங்கள் எடுக்கப்பட்டன. இரண்டு கட்டி ஒட்டிக்கொண்டது போன்ற அந்தப் பாறை, படத்துக்குப் படம் சிறுத்துக்கொண்டே போகிறது. பிள்ளைகள் அந்த வரிசையை அப்படியே வரைந்திருக்கிறார்கள். அதன் தலையில் ‘பணி நீட்டிப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன இடம் வேறு, பார்த்த பொருள் வேறு, பார்த்த கண்ணே வேறு.

இனி நீங்கள் சொன்னவை. ‘தொடர்பயணம்’ என்றால் தலைவர்கள் ஊர் ஊராகப் போவதுதான் நினைவுக்கு வரும். ‘மறுபயணம்’ திரும்பி வந்ததாகக் காட்டிவிடும். பள்ளத்தூர் ஆச்சி சொன்ன ‘இரண்டாம் இலக்கு’ நல்ல சொல், ஆனால் அதை நான் கிளெமண்டைனுக்கு எடுத்து வைப்பேன். 1994-இல் அமெரிக்கா அனுப்பிய அந்தக் கலத்துக்கு முதலில் நிலா, அடுத்து ஜியோகிராஃபோஸ் சிறுகோள் என்று புறப்படும் முன்பே திட்டம் இருந்தது. மே மாதம் மென்பொருள் கோளாறால் உந்திகள் எரிபொருளை வீணாக்கிவிட, சிறுகோள் கைகூடவில்லை. முன்கூட்டியே எண்ணி வைத்தால் ‘இரண்டாம்’ பொருந்தும். சாங்-இ 2-க்கோ ஒன்றை முடித்து நின்ற பிறகுதான் அடுத்ததை முடிவு செய்தார்கள்.

அதனால் என் பரிந்துரை: அடுத்திலக்கு. முழுதாகச் சொன்னால் அடுத்திலக்குப் பயணம்.

‘அடுத்த இலக்கு என்று பிரித்தே எழுதலாமே’ என்பீர்கள். பிரித்தால் அது சாதாரணத் தொடர், எந்த வாக்கியத்திலும் வரும். சேர்த்தால்தான் பெயராக நிற்கும். இந்தச் சேர்க்கை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த செட்டியார் கடைகளில் ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவரை ‘அடுத்தாள்’ என்றார்கள். அடுத்த ஆள் என்று யாரும் இழுத்துச் சொல்லவில்லை. அந்த அச்சிலேயே இதையும் வார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறுகோள் அருகே பறந்து போவதற்கு ‘அண்மைக் கடப்பு’ என்றே வைத்துக்கொள்வோம். ‘கடத்தல்’ வேண்டவே வேண்டாம், ‘சிறுகோள் கடத்தல்’ என்று படிக்கும் பிள்ளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சந்திரயான்-3 இல் தரையிறங்கு கலத்தை நிலா வரை சுமந்துபோன உந்துகலம், நிலாவையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிஞ்சியதால் 2023-இல் அதைப் பூமியைச் சுற்றும் பாதைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதையும் அடுத்திலக்கு என்று சொல்லலாமா, இல்லை திரும்பி வருவதற்குத் தனிச் சொல் வேண்டுமா? ஆச்சியும் அண்ணனும் இதற்குப் பதில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தலைப்பை மையால் எழுதிவிடுவார்கள், அதற்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்